தலைமையும் துணைமையும்: ஓர் உதவிப் பயிற்றுநரின் வாழ்வு குறித்துச் சில எண்ணங்கள்

ஒருவரைச் சபையில் அறிமுகஞ் செய்யும்போது அவர் வகிக்கும் பதவியையே முதலிற் கூறுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. தலைவர், அதிபர், பணிப்பாளர், பீடாதிபதி என்னும் சொற்கள் ஒலிக்கும்போது சபையினர் சற்று நிமிர்ந்து அமர்கின்றனர். அச்சொற்களின் முன்னே 'உதவி', 'துணை', 'பிரதி' என்னும் அடைகளுள் ஒன்று சேருமாயின் அந்த நிமிர்வு தளர்ந்துவிடுகின்றது. அடை பெற்ற பதவியை அடுத்த பதவிக்கு ஏறும் படியாகவே நாம் கருதுகின்றோம். அப்படியிலேயே நின்றுவிட்டவரைக் குறித்து இரக்கமோ இளக்காரமோ கொள்கின்றோம்.

அத்தகைய அடையைச் சுமந்து வாழ்ந்த இருவரைப் பற்றி எழுத விழைகின்றேன். ஒருவர் ஐக்கிய அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்தாட்டத்தில் நெடுங்காலம் உதவிப் பயிற்றுநராக விளங்கிய ரெக்ஸ் வின்ரர். மற்றவர் வடபகுதிப் பாடசாலையொன்றிற் பிரதி அதிபராகவே கடமையாற்றி 2019ஆம் ஆண்டில் ஓய்வுபெற்ற என் தந்தையார். இவ்விருவரையும் ஒரே கட்டுரையில் இணைப்பது பொருத்தமற்றதெனச் சிலர் கருதக்கூடும். முன்னவரை அறிந்துகொண்டதன் பின்னரே பின்னவரை அறியத் தொடங்கினேன் என்பதைத் தவிர இதற்கு நான் கூறக்கூடிய சமாதானம் வேறில்லை.

தந்தையாரின் சேவைநலன் பாராட்டு விழா குறித்த நேரத்திலிருந்து ஒரு மணித்தியாலம் பிந்தியே ஆரம்பமாயிற்று. பாடசாலை விழாக்களுக்கெல்லாம் நிகழ்ச்சிநிரல் எழுதிக் கதிரைகளை எண்ணி வைப்பவர் அன்று கழுத்தில் மாலையுடன் மேடையில் இருந்தமையே அதற்குக் காரணம். பத்தொன்பது ஆண்டுகளில் ஐந்து அதிபர்களின் கீழ் அவர் பணியாற்றியிருந்தார். பேசியவர் ஒவ்வொருவரும் 'அதிபருக்கு வலக்கரமாக விளங்கியவர்' என்றே அவரைப் புகழ்ந்தனர். அப்புகழ்ச்சி எனக்குக் கசந்தது. அன்றிரவு சாப்பாட்டின்போது, "பிரதி எண்டால் கொப்பி தானே அப்பா? இவ்வளவு வருசமும் கொப்பியாகவே இருந்திட்டியள்" என்றேன். அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். அப்பா பார்க்கவில்லை. "சோறு ஆறுது தம்பி, சாப்பிடு" என்று மட்டும் சொன்னார். அப்பொழுது எனக்குப் பதினேழு வயது.

அடுத்த ஆண்டு கொள்ளைநோய் வந்தது. ஊரடங்கு நாட்களில் வெளியே செல்ல வழியில்லை. பாடசாலை அணியிற் கூடைப்பந்து ஆடியவன் என்ற முறையில், பழைய அமெரிக்கப் போட்டிகளின் ஒளிப்பதிவுகளைக் கைத்தொலைபேசியிற் பார்ப்பதிலே பொழுதைக் கழித்தேன். நான் பார்க்க விரும்பியது மைக்கேல் ஜோர்டனை. ஆயினும் சிக்காகோ புல்ஸ் அணியினரின் வாங்கிலே, உயரத்தாற் பெயர்பெற்ற இளைஞர்களின் நடுவே, நரைத்த தலையுடன் அமர்ந்திருந்த ஒரு முதியவர் அடிக்கடி கண்ணிற் பட்டார். அவர் யாரெனத் தேடிய வேளையில்தான் இக்கட்டுரைக்கு வித்திடப்பட்டது எனலாம்.

முதற்கண் உதவிப் பயிற்றுநரின் தொழில் யாதென நோக்குவோம். எதிரணியின் ஆட்டங்களைப் பார்த்துக் குறிப்பெடுத்தல், ஒளிப்பதிவுகளை ஆராய்தல், வீரர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே பயிற்சியளித்தல், ஆட்டத்தின்போது தாம் கண்டதைத் தலைமைப் பயிற்றுநரின் காதிற் போடுதல் ஆகியன அவருடைய கடமைகள். யாரை ஆடவிடுவது, யாரை வாங்கில் இருத்துவது என்னும் தீர்மானம் அவருடையதன்று. வெற்றி தோல்விகள் தலைமைப் பயிற்றுநரின் கணக்கிலேயே எழுதப்படுகின்றன. தலைமைப் பயிற்றுநர் நீக்கப்படும்போதோ அவருடைய உதவியாளர்களும் பெரும்பாலும் வெளியேற நேர்கின்றது. புகழில் பங்கு குறைவாகவும் வீழ்ச்சியிற் பங்கு நிறைவாகவும் உள்ள தொழில் இது.

இத்தொழிலுக்கு ரெக்ஸ் வின்ரர் வந்து சேர்ந்த வழி வியப்புக்குரியது. அவர் 1922ஆம் ஆண்டு பெப்ரவரி 25ஆம் திகதி ரெக்சாஸ் மாநிலத்தின் வெலிங்ரன் என்னும் சிற்றூரிற் பிறந்தார். இயற்பெயர் மொறிஸ் பிரெட்றிக் வின்ரர். குடும்பம் கலிபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்தபோது, பிறந்த மாநிலத்தின் பெயரையொட்டி அங்குள்ள பிள்ளைகள் அவரை ரெக்ஸ் என்று அழைத்தனர். அப்பெயரே நிலைத்தது. பத்து வயதளவில் தந்தையை இழந்தார். பொருளாதார வீழ்ச்சிக் காலத்திற் பேக்கரிக்குப் பெட்டிகள் சேகரித்துக் கொடுத்து, முதல்நாட் பாணைக் கூலியாகப் பெற்று வந்த சிறுவன் அவர். இரண்டாம் உலகப் போரின்போது கடற்படை விமானியாகப் பயிற்சி பெற்றார். போர் முடிந்ததும் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் சாம் பரி என்னும் பயிற்றுநரின் கீழ் ஆடினார். பிற்காலத்தில் உலகப் புகழ்பெற்ற ஆட்டமுறையின் வித்தினை அவரிடமிருந்தே பெற்றார்.

1947ஆம் ஆண்டில் கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் உதவிப் பயிற்றுநராகத் தொழிலை ஆரம்பித்தவர், 1951ஆம் ஆண்டில், இருபத்தொன்பது வயதிலேயே, மார்க்கெற் பல்கலைக்கழகத்தின் தலைமைப் பயிற்றுநரானார். பின்னர் 1953 தொடக்கம் 1968 வரை கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தின் தலைமைப் பயிற்றுநராகப் பணியாற்றி, 1958இலும் 1964இலும் தம் அணியை நாடளாவிய பல்கலைக்கழகச் சுற்றுப்போட்டியின் இறுதி நான்கு அணிகளுள் ஒன்றாக்கினார். 1962ஆம் ஆண்டில் தம் ஆட்டமுறையை விளக்கி நூலொன்றும் எழுதினார். 1971ஆம் ஆண்டில் ஹூஸ்ரன் றொக்கற்ஸ் என்னும் தொழில்முறை அணிக்குத் தலைமைப் பயிற்றுநராகச் சென்றார். அங்கு அவர் பெற்றவை 51 வெற்றிகளும் 78 தோல்விகளுமாகும். அணியின் நட்சத்திர வீரர் எல்வின் ஹேய்ஸுடன் அவருக்கு ஒத்துப்போகவில்லை. 1972இல் ஹேய்ஸ் வேறோர் அணிக்கு மாற்றப்பட்டார். 1973இல் வின்ரரும் பதவியிழந்தார். மீண்டும் பல்கலைக்கழக அணிகளுக்குத் திரும்பிச் சில ஆண்டுகள் பணியாற்றியதோடு அவரது வாழ்க்கைக்கதை முடிந்திருக்க வேண்டும்.

ஆனால் முடியவில்லை. 1985ஆம் ஆண்டில், அறுபத்து மூன்றாவது வயதில், சிக்காகோ புல்ஸ் அணியின் புதிய முகாமையாளர் ஜெரி குரௌஸ் அவரை உதவிப் பயிற்றுநராக அழைத்தார். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் தலைமைக் கதிரையில் இருந்த ஒருவர், தம்மிலும் வயதிற் குறைந்தவரின் பக்கத்து வாங்கில் வந்தமர்ந்தார். நமது பார்வையில் இது இறக்கம். அவருடைய வாழ்விலோ உண்மையான ஏற்றம் இங்கேதான் தொடங்கிற்று.

அவர் கொண்டுவந்த ஆட்டமுறை 'முக்கோணத் தாக்குதல்' எனப்படும். பந்து உள்ள பக்கத்தில் மூவர் நிற்பர்: ஒருவர் ஆடுகளத்தின் மூலையில், ஒருவர் பக்கக் கோட்டை அண்டி, ஒருவர் கூடைக்கு அருகே. இம்மூவரும் ஒரு முக்கோணத்தை அமைக்க, எஞ்சிய இருவர் மறுபக்கத்தில் நிற்பர். ஒருவருக்கொருவர் இடையே 15 தொடக்கம் 18 அடி வரை தூரம் இருத்தல் வேண்டும். அத்தூரம் குறைந்தால் எதிரணியின் காவலர் ஒருவரே இருவரைக் காத்துவிடலாம். கூடினாலோ பந்து கைமாறும் வழியிலேயே பறிபோய்விடும். இன்னாரே பந்தை எறிய வேண்டுமென்ற முன்முடிவு இம்முறையில் இல்லை. காவலர் எதைத் தடுக்கின்றாரோ அதை விட்டு, அவர் திறந்துவிடும் வழியைக் காண வேண்டும். ஓரிடத்திலிருந்து ஒருவர் நீங்கினால் இன்னொருவர் அவ்விடத்தை நிரப்ப வேண்டும். நிரப்புபவர் யார் என்பது முக்கியமன்று. இடம் வெறுமையாகாதிருத்தலே முக்கியம்.

ஆயினும் அறிவு இருந்தால் மட்டும் போதாது, அதனைக் கேட்பாரும் வேண்டும். முதல் நான்கு ஆண்டுகள் வின்ரரின் ஆட்டமுறைக்குச் சிக்காகோவில் இடங்கிடைக்கவில்லை. 1986 தொடக்கம் 1989 வரை தலைமைப் பயிற்றுநராயிருந்த டக் கொலின்ஸ் அதனை ஏற்கவில்லை. ஜோர்டனின் தனித்திறனை நம்பியே ஆட்டம் நடந்தது. 1986 - 87 பருவத்தில் ஜோர்டன் போட்டியொன்றுக்குச் சராசரி 37.1 புள்ளிகள் பெற்றார். அணியோ அப்பருவத்தில் வென்றதிலும் பார்க்கத் தோற்றதே அதிகம். இறுதிக்கட்டப் போட்டிகளின் முதற் சுற்றிலேயே பொஸ்ரன் அணியிடம் மூன்று ஆட்டங்களிலும் தோற்று வெளியேறியது. ஒருவர் எவ்வளவு உயரம் எழுந்தாலும் ஐவர் ஆடும் ஆட்டத்தை அவர் தனித்து வெல்லல் அரிது என்பதற்கு இதனைவிடச் சான்று வேண்டுவதில்லை.

1989ஆம் ஆண்டில் பில் ஜக்சன் தலைமைப் பயிற்றுநரானார். அவர் அதற்கு முன் இரண்டு ஆண்டுகள் வின்ரருடன் ஒரே வாங்கில் உதவிப் பயிற்றுநராக இருந்து அம்முதியவர் கூறியவற்றைச் செவிமடுத்தவர். தலைமை கிடைத்ததும் தாக்குதல் முழுவதையும் முக்கோண முறைக்கு மாற்றினார். 1990 - 91இல் ஜோர்டனின் சராசரி 31.5 ஆகக் குறைந்தது. புல்ஸ் அணி முதன்முறையாகச் சம்பியனாயிற்று. 1993ஆம் ஆண்டு இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டத்தை நான் பலமுறை பார்த்திருக்கின்றேன். பீனிக்ஸ் அணி 98 - 96 என முன்னணியில் நிற்கிறது. இறுதிக் காற்பகுதியில் அதுவரை புல்ஸ் பெற்ற ஒன்பது புள்ளிகளும் ஜோர்டன் ஒருவர் பெற்றவை. எல்லாக் கண்களும் அவர் மீதே. பந்தோ ஜோர்டனிடமிருந்து பிப்பனுக்கும், பிப்பனிடமிருந்து கிராண்டுக்கும், அவரிடமிருந்து தனித்து நின்ற ஜோன் பக்சனுக்கும் செல்கின்றது. பக்சனின் எறி கூடையில் விழ, 99 - 98 என்று மூன்றாவது சம்பியன் பட்டம் கிட்டுகின்றது. அந்நேரத்திலும் ஒளிப்படக்கருவிகள் வின்ரரைத் தேடிச் செல்லவில்லை.

1991 தொடக்கம் 1998 வரை சிக்காகோவில் ஆறு, ஜக்சனைப் பின்தொடர்ந்து சென்ற லொஸ் ஏஞ்சலீஸ் லேக்கர்ஸ் அணியில் 2000, 2001, 2002ஆம் ஆண்டுகளில் மூன்று என ஒன்பது சம்பியன் பட்டங்களை உதவிப் பயிற்றுநராகக் கண்டார் வின்ரர். ஹூஸ்ரனிலே தலைவராக இருந்து சாதிக்க முடியாததைப் பக்கத்து வாங்கில் இருந்து எவ்வாறு சாதித்தார்? இக்கேள்வியே என்னை நெடுநாள் அலைக்கழித்தது.

என் சிற்றறிவுக்கு எட்டிய விடை இதுவே. தலைமைக் கதிரையில் இருப்பவர் பலரைச் சமாளிக்க வேண்டியவர். உரிமையாளர், பத்திரிகையாளர், கோபங்கொண்ட வீரர் ஆகிய அனைவரையும் அணைத்துச் செல்ல வேண்டியிருப்பதால், தாம் காணும் உண்மை முழுவதையும் அவர் கூறிவிட இயலாது. இரண்டாமிடத்தவருக்கு அதிகாரம் இல்லை. ஆனால் கண்டதைக் கண்டவாறு சொல்லும் சுதந்திரம் உண்டு. வேறெந்தப் பதவியையும் வேண்டாதவராயின் அச்சுதந்திரம் மேலும் பெருகும். வின்ரர் அத்தகையவர். உலகமே கொண்டாடிய ஜோர்டனிடமும் பந்தை மார்பிலிருந்து கொடுக்கும் அடிப்படை முறையில் உள்ள குறையை எடுத்துக் கூற அவர் தயங்கியதில்லை. ஒருமுறை பின்தங்கியிருந்த அணியை ஜோர்டன் தனியாகவே புள்ளிகள் குவித்து வெற்றிபெறச் செய்தார். ஆட்டம் முடிந்ததும் வின்ரர் அவரிடம், அணியைக் குறிக்கும் 'ரீம்' என்னும் ஆங்கிலச் சொல்லில் 'நான்' என்று பொருள்படும் 'ஐ' என்ற எழுத்து இல்லை என நினைவூட்டினார். வெற்றியைக் குறிக்கும் 'வின்' என்னும் சொல்லில் அவ்வெழுத்து உண்டே என்றார் ஜோர்டன். இச்சம்பவத்தை 2009ஆம் ஆண்டில் புகழ் மண்டபத்திற் சேர்க்கப்பட்ட விழாவில் ஜோர்டனே சிரித்தவாறு நினைவுகூர்ந்தார். சாதுரியமான விடை ஜோர்டனுடையது என்பதில் ஐயமில்லை. எனினும் வென்ற இரவில், வென்று தந்தவனிடமே சென்று அப்படிச் சொல்லக்கூடியவர் அந்த அணியில் வேறு எத்தனை பேர் இருந்திருப்பர்?

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை அவசியம். முக்கோண முறையே ஒன்பது பட்டங்களையும் பெற்றுத் தந்ததென்று கூறுவது மிகையாகும். ஜோர்டன், பிப்பன், ஓனீல், பிறையன்ற் போன்ற பெருவீரர்கள் ஆடிய அணிகள் அவை. 2014 தொடக்கம் 2017 வரை ஜக்சன் நியூயோர்க் நிக்ஸ் அணியின் தலைவராக இருந்து அதே முறையைப் புகுத்த முயன்றபோது அது பலனளிக்கவில்லை. அன்றியும், ஜக்சனுடைய அதிகாரமின்றி வின்ரரின் அறிவு அவருடைய குறிப்பேட்டிலேயே உறங்கியிருக்கும். அறிதலும் ஆணையிடலும் வெவ்வேறு ஆற்றல்கள். ஒன்று மற்றொன்றின்றி முழுமை பெறுவதில்லை என்பதே இவ்வரலாறு காட்டும் பாடமாகும்.

2020ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் பாடசாலைகளைக் கட்டங்கட்டமாகத் திறக்க ஏற்பாடாயிற்று. தந்தையாரின் இடத்துக்கு வந்த புதிய பிரதி அதிபர் ஒரு மாலை முகக்கவசத்துடன் எங்கள் வீட்டுக்கு வந்தார். வகுப்புகளைப் பிரித்து நடத்த வேண்டியிருந்ததால் நேரசூசி பொருந்தி வரவில்லை என்றார். அப்பா விறாந்தையில் பெரிய தாள்களை விரித்து, பென்சிலும் அழிறப்பருமாக நிலத்தில் அமர்ந்தார். மூன்று மணித்தியாலம் எழும்பவில்லை. நான் தேநீர் கொண்டு சென்றபோது அவர் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது: "ஓராள் வராட்டி பக்கத்து வகுப்பிலை நிக்கிறவர் போய் நிக்கக்கூடிய மாதிரி இடம் விட்டுத்தான் கட்டம் போட வேணும். எந்த வாத்தியார் எண்டதில்லை, வகுப்பு வெறுமையாய் இருக்கக்கூடாது."

தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு அவ்விடத்திலேயே நின்றேன். கூடைப்பந்து பற்றி எதுவும் அறியாத என் தந்தையார் அதே விதியைத் தம் தொழிலிற் கண்டுபிடித்திருந்தார். நான் அப்பாடசாலையிற் படித்த பதின்மூன்று ஆண்டுகளில், ஆசிரியரின்றி வகுப்பு நெடுநேரம் வெறுமையாய்க் கிடந்த நாள் எனக்கு நினைவில் இல்லை. அது தானாகவே நிகழ்வதென்று எண்ணியிருந்தேன். பிழையென்று கண்ட காரியத்தை அதிபர்களிடம் நேரே சொல்லி அதனால் மனத்தாங்கல் தேடிக்கொண்டவர் என்பதையும் பின்னர் அம்மா வாயிலாக அறிந்தேன். அவர் எவருடைய கொப்பியும் அல்லர்.

ஆயினும் இவ்வொப்புமையை முற்றாகப் பொருத்திவிட என் மனம் இடந்தரவில்லை. வின்ரர் தலைமையைச் சுவைத்த பின் துணைமையைத் தாமாக ஏற்றவர். என் தந்தையார் அதிபர் பதவிக்கு இருமுறை விண்ணப்பித்து இருமுறையும் தெரிவுசெய்யப்படாதவர். காரணம் எதுவும் அவருக்குக் கூறப்படவில்லை. இரண்டாமிடத்தின் பெருமையைப் பேசும்போது, தகுதியிருந்தும் அவ்விடத்திலேயே நிறுத்தப்பட்டவர்களின் மனக்காயத்தை மூடி மறைத்துவிடக்கூடாது. பெண் என்பதாலோ, செல்வாக்குள்ளோர் துணை இல்லை என்பதாலோ அடையோடு கூடிய பதவியில் ஆயுளைக் கழிப்போர் நம் நாட்டில் அநேகர். அவர்களிடம் சென்று துணைமையே உயர்ந்ததென உபதேசிப்பது கொடுமையாகும். நான் கூற விழைவது வேறு. இடம் எவ்வாறு வந்திருப்பினும், அவ்விடத்திலிருந்து செய்யப்பட்ட பணியை அப்பணிக்குரிய அளவுகோலாலேயே அளத்தல் வேண்டும். பதவியின் பெயரால் அளந்ததே அன்றிரவு நான் செய்த பிழை.

வின்ரருக்கும் அந்த அளவுகோல் எளிதிற் கிட்டவில்லை. கூடைப்பந்தாட்டத்தைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் நெய்ஸ்மித்தின் பெயரைத் தாங்கிய புகழ் மண்டபத்துக்கு அவருடைய பெயர் பலமுறை பரிந்துரைக்கப்பட்டும் ஏற்கப்படவில்லை. 2009ஆம் ஆண்டு ஏப்ரலில், தாம் முன்னர் பயிற்றுவித்த கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழக அணியினரின் ஒன்றுகூடலுக்குச் சென்றிருந்த வேளை பக்கவாதத்தால் தாக்கப்பட்டார். இறுதியில் 2011ஆம் ஆண்டில், எண்பத்தொன்பதாவது வயதில், மண்டபம் அவரை ஏற்றுக்கொண்டது. அப்பொழுது பேச்சுத் தடைப்பட்டிருந்தமையால் அவர் சார்பில் அவருடைய மகன் பேசினார். 2018ஆம் ஆண்டு ஒக்ரோபர் 10ஆம் திகதி தமது தொண்ணூற்றாறாவது வயதில் வின்ரர் காலமானார்.

வாழ்நாள் முழுதும் பிறர் காதில் உண்மையைச் சொல்லி வந்த ஒருவருக்காக, சொல்ல முடியாத நேரத்தில், மகன் எழுந்து பேசினான் என்ற செய்தியை வாசித்த நாளில் எனக்கு நெடுநேரம் வேறெதிலும் மனஞ்செல்லவில்லை. என் தந்தையாருக்குப் பேச்சு நன்றாகவே இருக்கின்றது. தம்மைப் பற்றிப் பேசும் வழக்கம் மட்டுமே அவருக்கு இல்லை. அன்றிரவு நான் கூறியதைக் குறித்து அவர் இன்றுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. நானும் மன்னிப்புக் கேட்டதில்லை. நேரிற் கேட்கும் துணிவு எனக்கு வரவில்லை என்பதே உண்மை.

தவணை விடுமுறைக்கு ஊர் செல்லும்போது இம்மலரின் பிரதியொன்றை அவரிடம் கொடுக்க எண்ணியிருக்கின்றேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு முதலில் எழுத்துப் பிழைகளைத்தான் தேடுவார். தேடிக்கொண்டே இவ்விடம் வரை வந்து சேர்வாரென்பது என் நம்பிக்கை.